தப்புச் செய்யும் வாரம்

ஏணி உச்சியில் நின்று பெரிய சுவர்க்கடிகாரத்தின் முள்ளை ஏழு நிமிடம் முன்னால் தள்ளினான் செக்கிங். வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம்!

எதையும் மூன்று தரம் சரிபார்ப்பதால் கடிகாரக் கடையில் அவனுக்கு அந்தப் பெயர். குணமான பதற்ற நோய் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்ததில், ஆஸ்பத்திரியில் வீட்டிலேயே செய்யச் சொல்லி ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை வழிகாட்டி அம்மா போனில் பேசுவாள். நான்காம் வாரப் பாடம்: 'வேண்டுமென்றே சின்னத் தப்பு ஒன்று செய்யுங்கள். திருத்தாதீர்கள். என்ன ஆகிறதென்று பாருங்கள்.'

என்ன ஆகும்? வேலை போகும். ஒரு நொடி பிசகினாலே கடையைத் தலைகீழாக்குகிற மனிதர் முதலாளி.

உள்ளே வந்தவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். நெற்றி வியர்த்தது. வாய் திறக்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் வழிகாட்டி அம்மாவின் போன் வந்தது.

"திட்டவே இல்ல மேடம்! அதான் பயமா இருக்கு!"

"பயந்தது நடக்கலைல்ல? நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெரிசா பண்ணுங்க."

மறுநாள் மூன்று கடிகாரங்கள். முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது நல்லதுக்கில்லடா," என்றார் ரிப்பேர்க்காரர். "கத்துற மனுஷன் கத்தலைன்னா, மனசுல சீட்டைக் கிழிச்சிட்டாருன்னு அர்த்தம்."

எப்படியும் போகப்போகிற வேலை, பாடத்தையாவது முடிப்போம் என்று மூன்றாம் நாள் சுவர் முழுக்கக் கலைத்துவிட்டான் செக்கிங்.

"இதுல எதுப்பா சரியான நேரம்?" என்றார் வாடிக்கையாளர்.

"உங்களுக்கு எது தோதோ, அதை எடுத்துக்கங்க சார்."

பின்னாலிருந்து முனகல். முதலாளி! கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்.

அவராகத் துரத்துவதற்கு முன் நாமே போவது மரியாதை. ராஜினாமாக் கடிதம் எழுதி, மூன்று தரம் படித்துப் பார்த்து, அவர் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே முதலாளியம்மா, சாப்பாட்டுக் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். நாலாகக் கிழித்தாள்.

"போயிடாத தம்பி! அவருக்கு ஏதோ பயிற்சிப் புத்தகம் குடுத்திருக்காங்க. 'கண்ணுல படுற தப்பைக் கண்டுக்காம விடு'ங்கறதுதான் இந்த வாரப் பாடம். உன் புண்ணியத்துல மனுஷன் நூத்துக்கு நூறு வாங்கிட்டிருக்காரு!"