பச்சைக் கொடி குத்திய பர்கர்

கல்யாண நாளன்று மனைவியை ஏமாற்றக் கூடாது என்று ஒரு மகத்தான முடிவெடுத்தேன். காலை எட்டு மணிக்கு எடுத்தது. மதியம் ஒன்றேகால் வரை தாக்குப்பிடித்தது.

எல்லாம் என் அடுப்புக்காகத்தான். இறைச்சி சுடும் என் கரியடுப்பு நாலு மாதமாக மச்சினி வீட்டு கராஜில் சிறையிருக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு என்று டாக்டர் சொன்னார். தண்டனையை என் மனைவி மார்லிஸ் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் புகை கிளப்பாத ஆம்பளையை எங்கள் ஒஹாயோவில் நாய்கூட மதிப்பதில்லை.

"பூங்காவுல நீ தாவர பர்கர்தான் சாப்பிடணும், வெண்டல்" என்றாள் காரில். "இன்னிக்கு ஒரு நாள் திருட்டுத்தனம் பண்ணாம இரு. ஞாயித்துக்கிழமை அடுப்பு வீட்டுக்கு வரும்."

"பட்டாணிய அரைச்சுத் தட்டிட்டு பர்கர்ங்கிறாங்க. என் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன்."

"கண்ணை எதுக்குக் கட்டணும்? கையைக் கட்டுனா போதும்."

ஏரிக்கரைக் கேளிக்கைப் பூங்கா அப்படியே இருந்தது. மரச்சட்ட ரோலர் கோஸ்டர் அதே கடகடவோடு மேலேறியது. குதிரை ராட்டினத்துக்கு எதிரே அதே பெஞ்சு. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன் நாங்கள் முதல்முதலாகச் சேர்ந்து சாப்பிட்ட இடம். அன்று அவள் பர்கரில் சீஸ் இரண்டு அடுக்கு, என்னுடையதில் ஒன்று. அவள் கைதுடைக்கும் காகிதம் எடுக்கப் போன நேரத்தில் மாற்றிவைத்துவிட்டேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் இனிக்கும்.

மார்லிஸ் தட்டோடு வந்தாள். தாவர பர்கருக்கு அடையாளமாகக் கடையில் பச்சைக் காகிதக் கொடி குத்தித் தருவார்கள். கொடி வைத்தது என் முன்னால். கொடியில்லாதது அவள் முன்னால்.

"காகிதம் எடுக்க மறந்துட்டேன். இரு, வரேன்."

முப்பத்துநாலு வருஷம் கழித்து அதே வசனம். கை தானாக நீண்டது. பர்கர்களை இடம் மாற்றினேன். கொடியைப் பிடுங்கி, என் பக்கம் வந்ததில் குத்தினேன். அவள் திரும்பியபோது ராட்டினக் குதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு கடி கடித்தேன். புகை, வதங்கிய வெங்காயம், விரலில் வழியும் சாறு. இருபத்துமூன்று வயசு திரும்பி வந்தது. மஞ்சள் கவுனில் அவள், தலை நிறைய முடியோடு நான்.

"எப்படி இருக்கு?"

"புல்லு மாதிரி இருக்கு."

"கண்ணு ஏன் கலங்குது?"

"வருத்தம். இது எங்கேயாவது மாட்டிறைச்சிக்கு ஈடாகுமா?" விரலை நக்கினேன்.

மார்லிஸ் தன்னுடையதை நிதானமாக மென்று முடித்தாள். "ஈடாகாதுதான். என்னோடது அருமையான மாட்டிறைச்சி."

"என்னது?"

"கடையிலேருந்து வர்ற வழியில கொடியை எடுத்து இறைச்சிமேல குத்தி உன் முன்னால வெச்சேன். பேசாம உக்காந்திருந்தா இறைச்சியும் உனக்கு, அடுப்பும் உனக்கு. நீ மாத்திட்ட. கடைக்காரங்க எதுல குத்துனாங்களோ, அதுலயே கொடியைத் திரும்பக் குத்திட்டு உக்காந்திருக்க."

கையில் மிச்சமிருந்த பட்டாணியைப் பார்த்தேன். அதற்காகவா அழுதேன்?

"நான் மாத்துவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு என் சீஸைத் தூக்குனியே. காகிதம் வைக்கிற இடத்துல அப்பவே ஒரு கண்ணாடி இருந்துச்சு."

முப்பத்துநாலு வருஷ ரகசியம் ஒரு நொடியில் போனது. "தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட?"

"என் தங்கச்சிக்கு அவ புருஷன் என்ன பண்றான்னே தெரியல. நீ திருடுனா உன் மூஞ்சியே சொல்லிடுது. ஆயுசுக்கும் நிம்மதின்னு தோணுச்சு." என் மோவாயில் ஒட்டியிருந்த வெங்காயத்தைத் துடைத்துவிட்டாள். எனக்கு மறுபடியும் கண் கலங்கியது. இந்த முறை நிஜமாகவே அவளுக்காக.

நெகிழ்ந்த நேரத்தில் காரியத்தையும் முடித்துவிடலாம் என்று மெல்லக் கேட்டேன். "அப்ப அடுப்பு?"

"வரும். நீ கண்ணு கலங்கி ரசிச்சதைப் பாத்தப்புறம் மனசு கேக்குமா?"

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அடுப்பு வந்துவிட்டது. ஞாயிறுதோறும் ஊரே பார்க்கக் கொல்லையில் புகை கிளப்பி, பட்டாணி சுட்டுக்கொண்டிருக்கிறேன்.