கியோட்டோவில் உடைத்த தேங்காய்

ஊர் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. படம் எடுக்கிறவர்கள், கும்பிடுகிறவர்கள். நான் கும்பிடுகிறவள். கோயில் என்றால் எனக்குக் கோயில்தான். பார்த்துவிட்டு வர அது என்ன கண்காட்சியா? இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் வீட்டார் இதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும்தான் சொல்லித் திரிகிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் லண்டனிலிருந்து என் மூத்த மகன் சுதனைக் கம்பனி வேலையாக ஒசாகாவுக்கு அனுப்பினார்கள். மனைவி ரேணுவையும் என்னையும் கூட்டிப்போக டிக்கெட் எடுத்தான். அதன் பிறகுதான் இளையவன் காந்தனின் அகதி வழக்குக்குத் தேதி வந்தது, நாங்கள் ஜப்பானில் நிற்கிற நாளாகப் பார்த்து. தோற்றால் அவனைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். நான் போகவில்லை என்றேன்.

"நீங்கள் கோர்ட்டுக்கு வந்தா நீதவானோடையும் வாதாடுவியள். ஜப்பானுக்குப் போட்டு வாங்கோ" என்றான் காந்தன். (அது உண்மைதான்.)

வழக்கு நாளன்று, வழக்கு எடுக்க முன்னர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன். அன்றைக்கு ஜப்பானில் நிற்கிறவளுக்கு விம்பிள்டன் கோயிலில் உடைக்க வழியில்லை. ஆகவே என் நூல் சேலைக்குள் சுற்றியபடி தேங்காயும் விமானம் ஏறியது.

வழக்கு நாளன்று கியோட்டோவில் சுற்றினோம். பொன் பூசிய கோயில் குளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. கிட்டப் போக விடவில்லை. அடுத்த கோயிலில் நிலமெல்லாம் பலகை, கண்ணாடி போல மினுங்கியது. பலகையில் தேங்காய் உடைக்கிறதா? லண்டனில் பத்து மணிக்கு வழக்கு. இங்கே அது மாலை ஆறு. இவர்களோ ஐந்துக்கே கோயிலைப் பூட்டிவிடுவார்களாம். மணி நாலரை.

கடைசிக் கோயிலின் பின்பக்கம் போனால், விரிந்த வெள்ளை மணல் முற்றம். அதில் வரிவரியாகத் தடம். எங்கள் ஊரில் விடிய ஈர்க்குமாற்றால் கோயில் வீதியைக் கூட்டினால் இப்படித்தான் வரி விழும். நடுவில் வயிறு வைத்த பெரிய கருங்கல் ஒன்று, பிள்ளையாரேதான். அதற்கு முன்னால் தட்டையாக ஒரு கல். விறாந்தையில் இருபது பேர் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். பூசைக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். (வேறென்ன நினைக்கிறது? சும்மா மணலைப் பார்க்க டிக்கெட் எடுத்து வருவினமோ?)

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

"அம்மா! உதிலை இறங்காதேங்கோ!" என்று சுதன் கத்தினான்.

"கூட்டின மணல் தானேடா. திரும்பக் கூட்டலாம்."

"மாமி, அது கூட்டினதில்லை, கீறினது! ஓவியம் மாதிரி!" இது ரேணு.

கேட்டேன் என்று நினைக்கிறீர்களா? கல்லின் முன் நின்று, "பிள்ளையாரே, காந்தனை அனுப்பிப்போடாதேங்கோ" என்று சொல்லி, ஓங்கி ஒரே போடு. தேங்காய் நாலு பக்கமும் சிதறியது. (அழுகல் இல்லை. நல்ல சகுனம்.) ஒரு துண்டு பறந்து போய் ஒரு வெள்ளைக்காரரின் மடியில் விழுந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார், பாவம்.

மொட்டைத் தலைக் குருக்கள் ஒருவரும் காவலாளிகள் இருவரும் ஓடிவந்தார்கள். மணலில் கால் வைக்க அவர்களுக்கே மனம் வரவில்லை. கரையில் நின்று கையை ஆட்டினார்கள். சுதன் இடுப்பு ஒடியக் குனிந்து குனிந்து நிமிர்ந்தான்.

"நீங்களும் குனியுங்கோ அம்மா!"

"நேர்த்தி செய்ததுக்கு ஏன்ரா குனியோணும்?"

ஒரு சின்ன அறையில் இருத்திப் பச்சைத் தேநீர் தந்தார்கள். மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். 'அறியாமல் செய்துவிட்டேன், வருந்துகிறேன்' என்று சுதன் இங்கிலீசில் எழுதினான். கீழே நான் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பேனா பிடித்தால் அவசரப்படமாட்டேன். ஒவ்வொரு எழுத்தாக இருந்து எழுதினேன்.

"உங்கடை பேர் இவ்வளவு நீளமோ?" என்று எட்டிப் பார்த்த சுதனின் முகம் வெளிறிப் போனது.

'அறிஞ்சுதான் உடைச்சன். பிள்ளைக்காக உடைச்சன். தங்கம்மா' என்று எழுதியிருந்தேன்.

குருக்கள் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, தமிழை நெடுநேரம் பார்த்து, ஆழக் குனிந்தார். அப்போதுதான் நானும் கொஞ்சம் குனிந்தேன். (மரியாதைக்கு மரியாதை.)

மறுநாள் லண்டனிலிருந்து காந்தன் போன் எடுத்தான். மொழிபெயர்ப்பாளர் வராததால் வழக்கு தள்ளிப்போய்விட்டதாம்.

"அவ்வளவு பாடுபட்டதுக்கு இதுதானோ மாமி?" என்று ரேணு சிரித்தாள்.

"அனுப்பிப்போடாதேங்கோ எண்டுதான் கேட்டனான். அனுப்பினவையோ?"

ஆறு மாதம் கழித்து வழக்கு வென்றது. காந்தன் இப்போது லண்டன் செவன் கிங்ஸில் கடை வைத்திருக்கிறான்.

ஆனால் எங்கள் வீட்டில் யாராவது வாயால் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்டு, முகத்தால் கேட்காமல் நின்றால், "உது ஜப்பான் மன்னிப்பு" என்பார்கள். போன வருடம் காந்தனின் மகள், தன் சிநேகிதியை அடித்தவளைத் திருப்பி அடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீசில் மன்னிப்புக் கடிதம் எழுதி, அடியில் தமிழில் ஒரு வரி சேர்த்துவிட்டாள். வாசிக்க ஆளில்லாமல் டீச்சர் அதை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் கடிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி, ஆறுதலாக வாசித்து முடித்தேன். பிறகு பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினேன். தமிழ் வரிக்குக் கீழே பேர் போடாமல் விட்டிருந்தாள்.