நேரில் வந்தவர் கணக்கில் வரமாட்டார்

இரண்டே நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து, மூன்றாம் நாள் காலையிலிருந்து வாயைத் திறந்தாலே 'ஆன்லைன், ஆன்லைன்' என்று ஜபிக்கிற ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்பமாட்டேன். பல் டாக்டரிடம் போனால் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிப்போய் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அந்த வலியிலும் கேட்பார்: "பிசினஸ் எப்படிப் போகுது?" 'ஏதோ போகுது' என்றீர்களோ, தொலைந்தீர்கள். "ஆன்லைன்ல இருக்கீங்களா?" என்பார். இல்லை என்று தலையாட்டினால், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்.

இந்த இனத்துக்கு டிஜிட்டல்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்கென்ன தெரியும் என்கிறீர்களா? ஒருவரை வீட்டிலேயே வைத்திருக்கிறோம் ஐயா. என் அக்கா வீட்டுக்காரர்.

அவர்களுக்கு ஒரு மெத்தைக் கடை. முன்னால் மாமா கல்லாவில் உட்காருவார்; பின்னறையில் அக்காவும் இரண்டு தையல்காரம்மாக்களும் பஞ்சு அடைத்து, உறை தைத்து, மூலைக்கு மூலை முடிச்சுப் போடுவார்கள். வியாபாரம் கொஞ்ச நாளாக மந்தம். அந்த நேரம் பார்த்து மாமா கையில் ஒரு நோட்டீஸ் வந்து சேர்ந்தது: 'சிறு வணிகர்களுக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங், ஓர் அறிமுகம்.' அறிமுகம் என்றால் என்ன? ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வது. மாமா வணக்கம் சொன்ன கையோடு சம்பந்தமே பேசி முடித்துவிட்டு வந்தார்.

வகுப்பு எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமாவின் நோட்டுப் புத்தகத்தை நானே புரட்டிப் பார்த்தேன். தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி மேப்பில் கடையைப் போடுங்கள், திறக்கிற நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள், வாங்கித் திருப்திப்பட்டவரை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், விளம்பரத்தை உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் காட்டுங்கள், கேட்டவருக்கு உடனே பதில் சொல்லுங்கள். இதில் எது தப்பு? ஒன்றுகூட இல்லை. ஆனால் டிஜிட்டல்காரர் காதில் இதெல்லாம் ஏறாது. அவர் காதில் ஏறுவது ஒரே ஒரு சொல். ரீச்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே ரீச்தான். பின்னறை மின்விசிறி ஒரு மாதமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஆள் வரவில்லை. ஆனால் போனை நிற்க வைக்கும் மூன்றுகால் ஸ்டாண்டும் முகத்தில் வெளிச்சம் அடிக்கும் வட்ட விளக்கும் மறுநாளே வந்துவிட்டன. தினம் ஒரு வீடியோ. அக்கா தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"சிரி, சிரி. நல்லா சிரி."

"எதுக்குங்க சிரிக்கணும்? பஞ்சு மூக்குல ஏறுது."

"கஸ்டமர் கனெக்ட் ஆகணும்ல?"

அக்கா சிரிப்பதற்குள் தும்மிவிட்டாள். அந்தத் தும்மல்தான் அதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது. அதிலிருந்து தினம் தும்மச் சொன்னார்.

சரி, யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? அங்கேதான் இந்த இனத்தின் மகா ரகசியம் இருக்கிறது. மாமாவையும் சேர்த்து வகுப்பில் படித்த முப்பத்து நான்கு பேரும் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். காலையில் பல் துலக்குகிறார்களோ இல்லையோ, ஒருவர் போட்டதற்கு மற்ற முப்பத்து மூன்று பேரும் லைக் போட்டாக வேண்டும், தங்கள் வீட்டார், உறவுக்காரர்கள் எல்லாரையும் போட வைக்க வேண்டும். அது குழுவில் செய்த சத்தியம். டயர் கடைக்காரர் மெத்தைக்குப் போடுவார். மீன்தொட்டிக்காரர் டயருக்குப் போடுவார். பல்செட் கட்டுகிறவர் மீன்தொட்டிக்குப் போடுவார். சவப்பெட்டி செய்கிறவர் ஒருவரும் அதில் உண்டு. அவர் போட்ட புதுப் பெட்டியின் படத்துக்குக் கீழே எங்கள் மாமா, "அருமை நண்பா! இந்த வருஷம் உங்களுக்குத் தொழில் அமோகமா நடக்கட்டும்!" என்று எழுதியிருந்தார். பெட்டிக்காரர் சும்மா இருப்பாரா? மெத்தைக்குக் கீழே, "நிம்மதியான உறக்கம். நம் இருவர் தொழிலும் ஒன்றே" என்று பதில் எழுதினார். ஆக, முப்பத்து நான்கு பேருமே விற்கிறவர்கள். வாங்குகிறவர் ஒருத்தரும் இல்லை. ஆனால் மாமா தினமும் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "கடை எங்கேயோ போயிடுச்சுடா" என்பார். எங்கேயோதான் போய்க்கொண்டிருந்தது.

இதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த மாதம் குழுவில் ஒரு போட்டி வைத்தார்கள். போன் வழியாக யாருக்கு அதிகம் விசாரணை வருகிறதோ அவருக்கு முதலிடம், ஒரு கேடயம். மாமா உட்கார்ந்து யோசித்தார். கடைக்கு ஆள் வரத்தான் செய்கிறார்கள், ஆனால் வாசல் வழியாக அல்லவா வருகிறார்கள்? வாசல் வழியாக வருகிறவர் போனில் ஏறமாட்டார். ஏறாதவர் கணக்கில் இல்லை. உடனே கல்லாமேல் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு அட்டையை ஒட்டினார். யார் வந்தாலும் முதலில் அதை ஸ்கேன் செய்து, ஒன்பது கேள்விக்குப் பதில் நிரப்பினால்தான் அடுத்த பேச்சு.

எதிர்வீட்டு அம்மா உறை வாங்க வந்தார். ஏழாவது கேள்வி: 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' தேடலில், வீடியோவில், நண்பர் பகிர்ந்ததில் என்று மூன்று பதில்கள்.

"நான் ரோட்டைத் தாண்டி வந்தேன்ப்பா" என்றார் அவர்.

"அது லிஸ்ட்ல இல்லம்மா."

இந்தக் கூத்து முன்பக்கம் நடக்கும்போது பின்னறையில் அக்காவுக்கு வேறு கவலை. இரண்டு தையல்காரம்மாக்களுக்கும் போதுமான வேலை இல்லை. "புதுசா ஒரு ஹாஸ்டல் திறக்கறாங்க. இருநூறு தலையணை வேணுமாம். அந்தம்மா நேர்ல வந்து பாக்கறேன்னிருக்காங்க. அது கிடைச்சா ரெண்டு பேரும் இருங்க. இல்லேன்னா ஒருத்தரை நிறுத்தித்தான் ஆகணும், என்னை மன்னிச்சிருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஒளித்து மறைத்துப் பேச அவளுக்கு வராது. மாமாவிடமும் சொல்லியிருந்தாள். அவர் போனைப் பார்த்தபடியே தலையாட்டியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹாஸ்டல் அம்மா வந்தார். பின்னறையில் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம்.

"இருநூறு தலையணை வேணும். சாம்பிள் பாக்கலாமா?"

"தாராளமா மேடம். முதல்ல இதை ஸ்கேன் பண்ணிடுங்க."

"எதுக்கு?"

"உங்க விவரம் எங்களுக்கு வந்துடும்."

"விவரம் என்னங்க விவரம், நானே வந்து நிக்கறேனே!"

"நீங்க நேர்ல வந்தது கணக்குல வராது மேடம்."

அந்தம்மா பொறுமைசாலி. பையைத் துழாவினார். "கண்ணாடி எடுத்துட்டு வரலையே, எழுத்து தெரியாது."

"அவசரமே இல்ல மேடம். வீட்டுக்குப் போய் நிதானமா நிரப்புங்க. இருபத்து நாலு மணி நேரத்துல நாங்களே உங்களைத் தொடர்புகொள்வோம்" என்று சொல்லி, லிங்க்கை அனுப்பி, கைகூப்பி வழியும் அனுப்பிவைத்தார். அலமாரி நிறையத் தலையணை. அந்தம்மா அதை ஒரு தடவை பார்த்தார், மாமாவை ஒரு தடவை பார்த்தார், படியிறங்கிப் போய்விட்டார்.

இவ்வளவும் உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். நானும் அங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை? போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என்ன பார்த்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது.

மதியம் அக்கா வெளியே வந்தாள். "ஹாஸ்டல்காரம்மா இன்னும் வரலையா?"

"வந்தாங்களே! லிங்க் குடுத்து அனுப்பியிருக்கேன்" என்றார் மாமா, பெருமையாக.

அக்கா தலையெல்லாம் பஞ்சோடு, கக்கத்தில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு அப்படியே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ஹாஸ்டல் வாசலிலேயே அந்தம்மா நின்றிருந்தார். காலையில் எங்களிடமிருந்து நேரே வேறொரு கடைக்குப் போயிருக்கிறார்; இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, பெயர்ப்பலகைகூடச் சாய்ந்துதான் தொங்கும். அந்தக் கடைக்காரர், "தலை வெச்சுப் பாருங்கம்மா" என்று ஒரு தலையணையை நீட்டியிருக்கிறார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் மூஞ்சிக்கு நேரா நின்னேன்மா. இனி என்ன செய்யறது, அங்க வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

மாதக் கடைசியில் மூத்த தையல்காரம்மா தன் கத்தரியையும் விரலுறையையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "வர்றேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு வந்தது கோபம். மாமா மேல் பாதி, என் மேல் பாதி.

மாமா இரண்டு நாள் வீடியோ எடுக்கவில்லை. திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் வட்ட விளக்கைப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வீடியோ எடுத்தார்: 'ஓர் ஆர்டரை இழந்து நான் கற்ற மூன்று பாடங்கள்.' அடேயப்பா! ஆயிரத்து நானூறு லைக். சவப்பெட்டிக்காரர், "கண் கலங்கிவிட்டது நண்பா" என்று எழுதினார். அடுத்த வகுப்புக்கு வந்து பேசச் சொல்லி அழைப்பும் வந்தது. மாமா போனைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினார்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு மெஷின் ஆளில்லாமல் கிடந்தது.

"ஆயிரத்து நானூறு பேரா?"

"ஆமா!"

"அதுல ஒருத்தருக்காவது தலையணை வேணுமாமா?"

மாமா போனில் தேட ஆரம்பித்தார்.

'நல்லவேளை, நம் வீட்டில் இப்படி யாரும் கிடையாது' என்று நீங்கள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கிறது. உங்களுக்குக் கடை இல்லை, கேடயம் வேண்டாம், குழுவில் சத்தியம் செய்யவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலையை நிமிர்த்தாமல் 'ம்' என்றீர்கள்.

என்ன கேட்டார்கள்?