ஏழு தகப்பன்மாரும் ஒரு குதிரைத் திருடனும்

நாரின் என்ற எங்கள் மலையூரில், சந்தைக்குப் பின்னால் ஒரு கூடாரம் முளைத்தது. உள்ளே ஒரு 'கண் திறந்தவர்' உட்கார்ந்தார். மறைந்ததைப் பார்ப்பவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெயர் மாம்பெத்குல். வேலை செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை.

கெட்டுப்போன பிள்ளைகளைத் திருத்துவது அவர் தொழில். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிப்பார். அது தன் ஏழு தகப்பன்மாரின், அதாவது அப்பன் முதல் மேலே ஏழு தலைமுறையின், பெயரை ஒப்பிக்கும். வாய்ப்பாட்டுக்கு முன்பே எங்கள் பிள்ளைகள் கற்பது அதைத்தான். ஏதோ ஒரு பெயரில் நாடி துள்ளும். நாடி எப்போதும் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். எந்தப் பெயரில் நிறுத்துவது என்பது அவர் விருப்பம். மூன்றாமவர் குடிகாரர், ஆறாமவர் சூதாடி, அந்த ரத்தம்தான் ஆட்டுகிறது என்பார். செத்தவர்கள் மறுப்பதில்லை. பெற்றோருக்கோ பெரிய நிம்மதி: தப்பு தங்களுடையதல்ல. அந்த நிம்மதிக்கு ஒரு செம்மறி ஆடு அதிகமில்லை. வரிசை பேருந்து நிலையம் வரை நீண்டது.

அந்த வரிசையில் சால்த்தனாத் தன் மகள் ஸூராவோடு வந்தாள். பதினைந்து வயது. நான்கு கூட்டாளிகளோடு சேர்ந்து பள்ளி ஜன்னல்களைக் கல்லால் உடைத்தவள்.

ஸூரா ஒப்பித்தாள். ஐந்தாவது பெயரில் அவர் நிறுத்தினார்.

"கல்திபாய்! குதிரைத் திருடன்! அவன் ரத்தம் இவளுக்குள்ள கொதிக்குது. நாப்பது நாள் மலைக்கு எங்கூட அனுப்பு. கறுப்புக் கூடாரம், கசப்புக் கஷாயம், பேச்சு மூச்சு கூடாது."

"அய்யா, அடுத்த வாரம் பரீட்சை. எழுதலேன்னா ஒரு வருசம் போயிடுமே," என்றாள் சால்த்தனாத்.

"வருசம் போனா வரும். ரத்தம் போனா?"

அர்த்தமில்லாத கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். சால்த்தனாத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அனார்குல் வழியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பப் போறியா?"

"வேற என்னக்கா செய்ய?"

"நாளைக்குப் பாத்மாவையும் கூட்டிட்டு வா. அப்புறம் அனுப்பு."

பாத்மாவும் சால்த்தனாத் பெற்றவள்தான். ஆனால் சால்த்தனாத்தின் கூடப்பிறந்த அக்கா வீட்டில் வளர்கிறாள். பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது எங்கள் வழக்கம். போன பிள்ளை, போன வீட்டின் ஏழு தகப்பன்மாரைத்தான் ஒப்பிக்கும்.

மறுநாள் பாத்மா தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மல்யுத்தத்துல மெடல் வாங்குற பொண்ணு அய்யா," என்றாள் அனார்குல். "எந்தப் பாட்டன் குடுத்த வரம்னு பாருங்க."

கண் திறந்தவர் கண்ணை மூடினார். மூன்றாவது பெயரில் முகம் மலர்ந்தது. "ஆகா, எசெங்குல்! பெரிய நீதிமான். பால் மாதிரி ரத்தம். இந்தக் கை கல்லெடுக்காது."

"நேத்து வந்த ஸூரா ரத்தம்?"

"அது சாக்கடை. இது பால்."

அனார்குல் ஸூராவை உள்ளே இழுத்து, பாத்மாவின் தொப்பியைக் கழற்றினாள். "கொஞ்சம் கண்ணைத் திறங்க, கண் திறந்தவரே."

திறந்தார். ஒரே முகம் இரண்டு முறை இருந்தது. முன்பல் இடைவெளிகூட இரண்டு.

"ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்ததுங்க. ஒரே ரத்தம். எது பால், எது சாக்கடை?"

"அது... வளர்ந்த வீட்டுச் சோறு..."

"நேத்து ரத்தம். இன்னைக்குச் சோறா?"

வரிசையிலிருந்த ரொட்டிக்காரி சத்தமாகச் சிரித்தாள். "ஏழு தலைமுறையைப் பாத்த மனுசனுக்குப் பேரு காதுல விழலியே! ஸூரான்னா, 'பாத்மா எங்கே'ன்னு எங்க வீட்டு மாடுகூடக் கேக்குமே!" உண்மைதான். இங்கே இரட்டைப் பெண்கள் பிறந்தால் யாரும் பெயர் தேடுவதில்லை. ஒருத்தி பாத்மா, இன்னொருத்தி ஸூரா.

சால்த்தனாத் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாக்கா?"

"ஏன் இல்லாம? ரெண்டும் துள்ளுற குட்டிங்க. நடக்கத் தொடங்கினதுமே கூரை ஏறினதுங்க. ரத்தம் துள்ளலைக் குடுக்கும், கல்லைக் குடுக்காது. வேலி தாண்டுற மந்தையில விட்டா, துள்ளுற குட்டிதான் முதல்ல தாண்டும். சாதுவான குட்டியா இருந்தா அங்கயும் யோசிக்கும். அதே துள்ளுற குட்டியைப் பந்தயக் குதிரைங்களோட விடு, முன்னால ஓடும்." ஸூராவிடம் திரும்பினாள். "கல்லை யாருடி குடுத்தா?"

"தாலாய். எங்க கூட்டாளி."

"தனியா இருந்தா எறிஞ்சிருப்பியா?"

ஸூரா யோசித்தாள். "தனியா எறிஞ்சா யாரு பாப்பாங்க?"

அன்று மதியமே கூடாரம் காணாமல் போனது, செம்மறிகளோடு. ஸூரா பரீட்சை எழுதினாள். வேதியியல் தவிர எல்லாவற்றிலும் தேறினாள். மாலையில் பாத்மாவோடு மல்யுத்தம் பழகுகிறாள். அடங்கிவிடவில்லை. முன்பு கல்லை எறிந்தாள், இப்போது ஆளை எறிகிறாள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

அடுத்த மாதம் ஆட்டுத் தோள்பட்டை எலும்பில் குறி பார்ப்பவர் வந்தார். வரிசை மறுபடி பேருந்து நிலையத்தைத் தொட்டது. போய் நிற்பவர்கள் நில்லுங்கள். ஏழு தகப்பன்மாரின் பெயர் உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். உங்கள் பிள்ளையின் நான்கு கூட்டாளிகள் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.