மூன்று முக்காற்புள்ளிகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மகள், மாப்பிள்ளை, நான் மூவரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை உங்கள் பையன் போனில் ஒருவிதமாகச் சொல்லியிருப்பார். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவதுதான் மரியாதை. மாப்பிள்ளை ஒரு மாதமாக ஒரு சின்னக் கருவி எழுதிக்கொண்டிருந்தார். கருவி என்றால் கையில் பிடிக்கிற சாமான் இல்லை. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பக்கத்தில் ஒரு நீளமான அடையாளப் பெயரைக் கொடுத்தால், அதை முக்காற்புள்ளி இருக்கிற இடங்களில் துண்டு துண்டாகப் பிரித்து, இது எந்தச் சேவை, எந்த வட்டாரம், யார் கணக்கு, என்ன பொருள் என்று வரிசையாகச் சொல்லும். இவர்கள் அலுவலகம் ஒரு கண் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தை எங்கோ இருக்கிற வாடகைக் கணினிகளில் ஏற்றி நடத்துகிறது. ஏற்றுகிற கட்டளைக் கோப்பில், ஸ்கிரிப்ட் என்பார்கள், இந்த மாதிரிப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒன்று பிசகினாலும் பக்கம் படுத்துவிடும். அதை முன்கூட்டியே பிடிக்கத்தான் கருவி.

அன்று பத்து மணிக்கு மேலதிகாரி அம்மாவுக்கு அதை இயக்கிக் காட்ட வேண்டும். "மாமா, குளிச்சிட்டு வந்துடறேன். கருவியோட இந்த உதவிக் குறிப்புல எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார். அந்த 'மட்டும்' என் காதில் சரியாக விழவில்லை. அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தியவன் நான். குறிப்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பக்கத்திலேயே ஸ்கிரிப்ட் திறந்திருந்தது. பார்த்தால், ஒரே இடத்தில் மூன்று முக்காற்புள்ளிகள்! நடுவில் எழுத்துமில்லை, எண்ணுமில்லை. அப்படிப் பதினொரு இடம். பெற்ற மகள் வீட்டில் இவ்வளவு பிழை கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார மனம் வருமா? மூன்றை ஒன்றாக்கி, சேமித்தும் வைத்தேன்.

மணி பத்து. திரையின் மூலையில் மேலதிகாரி அம்மா. மாப்பிள்ளை கருவியை ஓட்டினார். சிவப்பு சிவப்பாகப் பதினொரு வரி: 'ஆறு பகுதி வேண்டும், நாலுதான் இருக்கிறது.'

"நேத்து சாயங்காலம் நல்லா ஓடிச்சே மேடம்" என்று கருவியின் வயிற்றைப் பிளந்து தேட ஆரம்பித்துவிட்டார். தலையிலிருந்து சொட்டியது குளித்த தண்ணீரா வியர்வையா தெரியவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"அதுல வெட்டியா நிறையப் புள்ளி இருந்துச்சும்மா. எடுத்துட்டேன்."

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பினார். "மாமா, வட்டாரம் வர்ற இடம் காலி, கணக்கு வர்ற இடம் காலி. காலின்னு சொல்றதுக்குத்தான் அந்தப் புள்ளிங்க." கோபமே படாமல் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது திரைக்குள்ளிருந்து அந்த அம்மா சிரித்தார். "ஏங்க, உங்க கருவி சரியாத்தானே பிடிச்சிருக்கு? இந்த ஸ்கிரிப்ட்ட அப்படியே ஏத்தியிருந்தா இன்னிக்கு ஒருத்தருக்கும் கண்ணு பாக்க டோக்கன் கிடைச்சிருக்காது. இனி நம்ம ஆபீஸ்ல எல்லாரும் இந்தக் கருவியையே வச்சுக்கட்டும். மாமனாருக்கு என் நன்றியச் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

இனி அந்தக் கணினிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிறேன். உங்கள் பிள்ளை கெட்டிக்காரர், அதைவிடப் பொறுமைசாலி. மகளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறேன் என்று மனம் நிறைந்திருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளை வந்து, "மாமா, கருவி எதையெல்லாம் கோட்டை விடுதுன்னு பாக்கணும். தெனம் நாலு ஸ்கிரிப்ட்ட வேணும்னே தப்பாக்கிக் குடுப்பீங்களா? உங்கள மாதிரி எங்களுக்கு வராது" என்றார். பயணச்சீட்டை ரத்து செய்தாயிற்று, உறையும் ஒட்டாமலே கிடந்துவிட்டது. மூன்று நாளில் இருபத்தேழு பெயர்களைக் கெடுத்திருக்கிறேன். அதில் இரண்டைக் கருவியால் கண்டுபிடிக்கவே முடியவில்லை!