தம்பி புரோக்கர் பிடித்துத் தந்த வீடு

கர்நாடகாவிலேயே கூடப்பிறந்த தம்பிகள் அதிகம் உள்ள மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், எங்கள் ஹெப்பகோடி ஊர் தம்பி புரோக்கர்தான். அவருடைய தம்பிகளில் ஒடிசாக்காரர் உண்டு, அவரைவிட மூத்தவரும் உண்டு. அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகமே.

நான் அவரிடம் போனது வேறு வழியில்லாமல். மகன் கல்யாணம் என்று ஓனர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். என் மனைவி சுமதிக்கோ எட்டாம் மாதம். டூலெட் போர்டைப் பார்த்தால் உள்ளே நுழைந்துவிடுவேன். பேச்சு நன்றாகத்தான் போகும். ஊர் கேட்பார்கள், கோலார் தங்கவயல் என்பேன். பிறகு, "நீங்க என்ன ஆளுங்க?" பதில் சொன்னதும், நேற்றே யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். நமக்குக் கட்டுப்படியாகிற வாடகை உள்ள வீடுகளுக்கெல்லாம் இதே ஞாபகசக்தி.

புரோக்கர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வீட்டு கேட்டில் என் தோளில் கையைப் போட்டு, இவன் என் கடைசித் தம்பி, சின்ன வயதில் அம்மை வார்த்துப் பிழைத்தவன் என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு மாடுதான் நின்றது.

அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார் ஓனர். "மேஸ்திரி" என்றார் இவர். "சுரங்கம்" என்றேன் நான், அதே நொடியில். சுரங்கத்தில்தான் மேஸ்திரி என்று இவர் சமாளித்துப் பார்த்தார். வீடு போய்விட்டது.

வெளியே வந்ததும் எனக்குத்தான் திட்டு. "நான் பேசிட்டு இருக்கறப்போ நீ ஏன் நடுவுல நெஜத்த பேசற? பேஜார் பண்ணாத தம்பி."

அடுத்த வீட்டில் நான் துபாயிலிருந்து திரும்பிய தம்பி. அந்த வீட்டில் தண்ணீர் சரியில்லை என்று புரோக்கரே வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து, இந்த ஆளுக்கு மறை கழன்றிருக்கிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சுமதியிடம் புலம்பினேன். அவள் நிதானமாகக் கேட்டாள். "அவரு கூட போன வீட்ல யாராச்சும் என்ன ஆளுங்கன்னு கேட்டாங்களா?"

ஒருவரும் கேட்கவில்லை. ஊரறிந்த மனிதரின் தம்பியிடம் யார் கேட்பார்கள்? என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது வீடு அமைந்தது. பால் காய்ச்சும் நாளில் புரோக்கர் தன் மனைவியோடு வந்துவிட்டார். ஓனரம்மா காதில் விழும்படி, ஒரு ஆணி அடிக்கத் தெரியாதா, அப்பா செல்லம் கொடுத்தே உன்னைக் கெடுத்துவிட்டார் என்று கத்தினார். எந்த அப்பா என்று எனக்கு மறுபடியும் குழப்பம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஓனரம்மா கீழே போனதும், நிஜத்தில் உங்களுக்கு எத்தனை தம்பிகள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒருத்தனும் இல்ல. நானும் இந்த ஊர்ல வீடு தேடி அலைஞ்சவன்தான். இவன் எங்க ஆளுன்னு சொல்ல அன்னிக்கு எனக்கு யாரும் இல்லப்பா" என்றார், பாலை ஆற்றிக்கொண்டே.

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று வாசலில் வாட்ச்மேன் மறித்தார். ஒரு புதுக் கதைக்கு இவர் தொண்டையைக் கனைப்பது தெரிந்தது. அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"விடுங்க. எங்க அண்ணன்."