வியாழக்கிழமைப் பயம்

கொலைகாரன் மூன்றாவது ஆளின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது.

பெர்சிதா வெளிக்கூடத்தில் நின்றிருந்தாள். இந்த இடத்தில் சிரிப்பு வரக் கூடாது. இதே காட்சியை வீட்டில் தனியாகப் பார்த்தபோது அவள் சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும் வரை குடிக்க மறந்திருந்தாள்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் கசாப்புக்கடை ஸ்ரேட்டன் எழுந்து நின்று திரையைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"கத்தியப் பிடிக்கிற லட்சணத்தைப் பாருங்க. இவன் கையில பன்னியக் குடுத்தா நவம்பர்ல ஆரம்பிச்சு ஈஸ்டருக்குத்தான் முடிப்பான்."

"ரத்தமெல்லாம் வீணாப் போகுது," என்றாள் முன்வரிசையில் இருந்த ஸ்தானா கிழவி. "கீழ ஒரு சட்டி வைக்கத் தெரியல. எந்த வீட்டுப் பிள்ளையோ."

அரங்கு மறுபடி சிரித்தது. பெர்சிதா கதவை மூடினாள்.

டான்யூப் நதிக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில், வீட்டுக்கு வீடு நவம்பரில் ஒரு பன்றி அறுபடும். குழந்தைகள் வாலைப் பிடித்துக்கொள்ளும். இவர்களுக்குப் போய் ரத்தம் காட்டியது தன் தப்புதான் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

ஊர்க் கலாசார இல்லத்தில் வியாழக்கிழமை மாலைப் படம் அவள் பொறுப்பு. வியாழன் என்றால் திகில் படம். பத்தொன்பது வருடங்களாக அவள்தான் தேர்ந்தெடுக்கிறாள். ஒரே விதி: தன்னைப் பயமுறுத்தாத படம் திரைக்குப் போகாது. திடீர் சத்தத்தால் தூக்கிப்போடும் படங்களை அவள் படமாகவே மதிப்பதில்லை. சத்தம் போட்டால் கோழிகூடத்தான் துள்ளும் என்பாள்.

படம் முடிந்ததும் இல்லத்தின் மேலாளர் திஹோமிர் அவள் அறைக்கு வந்தார். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. கையில் சுருட்டிய காகிதம் இருந்தது.

"பெர்சிதா, நான் கோபமா வரல. நல்ல சேதியோடதான் வந்திருக்கேன்."

"நீ நல்ல சேதின்னாலே எனக்குச் சந்தேகம்தான். சொல்லு."

அவர் காகிதத்தை மேசையில் விரித்தார். புதுச் சுவரொட்டி. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. 'வியாழன் சிரிப்பு மாலை.'

"படத்தை மாத்த வேணாம். நீயே தேர்ந்தெடு. போஸ்டரை மட்டும் மாத்திடுவோம். ஜனம் சிரிக்குது. சிரிப்புன்னு போட்டா இன்னும் வரும்."

பெர்சிதா சுவரொட்டியை நிதானமாகப் படித்தாள். ஓர் ஓரத்தில் எலும்புக்கூடு ஒன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"இதை ஒட்டணும்னா என்னைப் புதைச்சுட்டு ஒட்டு."

"ஏம்மா இப்படிப் பேசுற?"

"மூணு வாரம் குடு. மூணாவது வாரம் ஒருத்தர் சிரிச்சாலும் இதை நானே பசை தடவி ஒட்டுறேன். சிரிக்கலன்னா, நான் ஓய்வு பெறுற வரைக்கும் வியாழக்கிழமைப் பக்கம் நீ தலைவச்சுப் படுக்கக் கூடாது."

திஹோமிர் யோசித்தார். "சரி. ஆனா போஸ்டர் அடிச்சாச்சு. அதை வெளிக்கூடத்துல சாத்தி வைப்பேன்."

"வை. எலும்புக்கூடும் கொஞ்சம் படம் பார்க்கட்டும்."

அடுத்த வியாழன் அவள் ரத்தத்தைத் தொடவில்லை. ஆவிப்படம். இறந்துபோன கணவன் தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து மேசையருகே நிற்கிறான். வாய் திறப்பதில்லை. பெர்சிதா அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தாள்.

அரங்கில் முதல் இருபது நிமிடம் சத்தமே இல்லை. பெர்சிதா கதவருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்தானா கிழவியின் குரல் வந்தது.

"பாவம். பசியோட நிக்கிறான். அந்தக் கடங்காரி ஒரு தட்டு வைக்கிறாளா பாரு."

"வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் கல்லறைக்கு ஏதாவது கொண்டு போயிருந்தா இவன் ஏன் வீட்டுக்கு வரான்?" என்றாள் இன்னொருத்தி.

"நான் எங்க வீட்டுக்காரருக்குப் போன சனிக்கிழமைதான் முட்டையும் கோழியும் வச்சுட்டு வந்தேன். ஒரு சிகரெட்டும் பத்த வச்சு நட்டேன். நிம்மதியாக் கிடக்கார்."

"சிகரெட்டை டாக்டர் விடச் சொன்னாரே."

"இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?"

சிரிப்பில் மீதிப் படம் முங்கிப்போனது. திஹோமிர் அவளைக் கடந்து போனார். போகிற போக்கில் சுவரொட்டியைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார்.

இரண்டாம் வியாழன் அவள் இன்னும் கவனமாக இருந்தாள். ரத்தம் இல்லை, பிணம் இல்லை. ஒரு பெரிய காலி வீடு. பதினான்கு அறைகள். அதில் தனியாக ஒரு பெண். யாருமே வராத படம். யாரும் வராததுதான் பயம். இது தப்பாது என்று நினைத்தாள்.

பத்தாவது நிமிடத்தில் ஸ்ரேட்டன் தொண்டையைக் கனைத்தார். "இதுல என்ன இருக்கு? எங்க தெருவுல அஞ்சு வீடு இப்படித்தான். பசங்க எல்லாம் வியன்னாவுல. மூணு மாடி, வாசல்ல ரெண்டு சிமெண்டுச் சிங்கம், உள்ள ஈ காக்கா கிடையாது."

"எங்க வீட்டுல பதினாறு அறை," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "நானும் பூனையும்."

"அந்தப் பொண்ணு அடுப்புக்கு விறகு அடுக்கியிருக்கிற விதத்தைப் பாரு. குளிர்காலம் தாங்காது."

அதன் பிறகு விறகைப் பற்றிய பேச்சுதான். படத்தில் வந்த பெண் மாடிப்படியில் உறைந்து நின்றபோது, அரங்கில் இருவர் ஓக்கு மரம் நல்லதா பீச்சு மரம் நல்லதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை திஹோமிர் பசை வாளியை அவள் அறை வாசலில் வைத்திருந்தார்.

"இது என்ன?"

"முன்னேற்பாடு."

பெர்சிதா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் நாற்காலியில் வைத்தாள். பிறகு பெல்கிரேடுக்குத் தொலைபேசினாள். அங்கே திரைப்பட விழாக்களுக்குப் படம் தருவிக்கும் நிறுவனத்தில் அவள் தோழி ஒல்கிட்சா இருந்தாள்.

"உண்மையிலேயே பயமுறுத்துற படம் வேணும். ரத்தம் கூடாது. ஆவி கூடாது. காலி வீடு கூடாது. இவங்களுக்கு எல்லாம் பழகிப்போச்சு."

"உங்க ஊரு ஜனங்கள நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஒல்கிட்சா. "வடக்கேருந்து ஒண்ணு வந்திருக்கு. பனிப் பிரதேசம். பேச்சு கம்மி, கீழ எழுத்தும் கிடையாது. பேரு என் வாயில நுழையல. விழாவுல ரெண்டு பேரு மயங்கி விழுந்தாங்க. நாளைக்கு மூணு மணி பஸ்ல குடுத்து விடறேன்."

அந்த ஊருக்கு எது வந்தாலும் பஸ் ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால்தான் வரும். மருந்து, டிராக்டர் பாகம், பாலாடைக்கட்டி, கல்யாணக் கேக்கு. மறுநாள் பெர்சிதா நிறுத்தத்தில் காத்திருந்தாள். பெல்கிரேடிலிருந்து ஒரு டிவிடி வந்திருக்குமே என்றாள். ஓட்டுநர் பழுப்பு உறை ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்று மாலை வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தாள்.

இருபத்தெட்டே நிமிடம். முடிந்தபோது அவள் சோபாவின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் எல்லா ஜன்னல்களையும் பார்த்தாள். எல்லாம் சாத்தித்தான் இருந்தன. திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

மறுநாள் படம் ஓட்டும் லுபின்கோவுக்கு முதல் ஐந்து நிமிடத்தைக் காட்டினாள். அவர் முப்பது வருடம் படம் ஓட்டியவர், திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டவர். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்க் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இதைப் போடத்தான் வேணுமா பெர்சிதாக்கா?"

"போடணும்."

"கர்ப்பிணிங்க யாராச்சும் வந்தா வெளிய அனுப்பிடுங்க. சொல்லிட்டேன்."

மூன்றாம் வியாழன் அரங்கு நிறைந்திருந்தது. பந்தயச் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. திஹோமிர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். காலடியில் பசை வாளி. பெர்சிதா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது.

திரையில் ஒரு வெள்ளை முற்றம். பனி விழுகிறது. இசை இல்லை. சிவப்பு வீடு ஒன்று. உள்ளே ஒரு பெண், கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிறாள். தள்ளுவண்டியில் படுக்கவைக்கிறாள். கதவைத் திறக்கிறாள். வண்டியைப் பனிக்குள் தள்ளிக்கொண்டு போகிறாள். சக்கரத்துக்குப் பூட்டுப் போடுகிறாள். தான் மட்டும் உள்ளே வருகிறாள். கதவைச் சாத்துகிறாள்.

ஸ்ரேட்டன் பேச எழுந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் காப்பி போடுகிறாள். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள்.

"அம்மாவா அவ?" ஸ்தானா கிழவி கேட்டாள். மெதுவாகத்தான்.

பின்னணியில் ஒரு பெண் குரல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாத மொழி. சமையல் குறிப்பு சொல்வதுபோல நிதானம். பெர்சிதாவுக்கு அந்த நிதானம்தான் முதுகுத்தண்டில் ஏறியது.

இன்னொரு பெண் வருகிறாள். அவளிடமும் ஒரு வண்டி. முதல் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறாள். பிறகு மூன்றாமவள். ஆறு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மேலே பனி விழுகிறது. ஆறு பெண்களும் உள்ளே கேக்கு தின்கிறார்கள். ஒருத்திக்குத் தலை ஈரமாக இருக்கிறது. ஒரு சின்னப் பெண் வெறுங்காலோடு கல்தரையில் நடக்கிறாள். அங்கேயே உட்காருகிறாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

பிறகு ஒருத்தி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். எதிரில் இருந்த ஜன்னலை நோக்கி நடந்தாள்.

அந்த ஊரில் ஜூலை வெயிலிலும் பஸ்ஸில் இரண்டு பக்க ஜன்னல் ஒன்றாகத் திறந்தால் யாராவது ஒருவர் பேசாமல் எழுந்து ஒன்றைச் சாத்துவார். குறுக்குக் காற்று காதில் புகுந்தால் பல் போகும், முதுகில் பட்டால் சிறுநீரகம் போகும், ஈரத்தலையில் பட்டால் மூளையே போகும், கல்தரையில் உட்கார்ந்த பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்பது அங்கே எல்லாருக்கும் பாடம்.

"வேணாம்டி," என்றது ஒரு குரல்.

அவள் இரண்டாவது ஜன்னலையும் திறந்தாள். திரைச்சீலை எழும்பியது. ஈரத்தலைக்காரி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அரங்கு அலறியது.

ஸ்தானா கிழவி சிலுவை போட்டுக்கொண்டு இருக்கையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். ஸ்ரேட்டன் கைபேசியோடு வெளியே ஓடினார். வியன்னாவில் இருந்த மகளை அழைத்து வெளிக்கூடத்தில் கத்துவது உள்ளே கேட்டது. "பிள்ளைக்குத் தொப்பி போட்டிருக்கியா? கேள்வி கேக்காத. போட்டிருக்கியா இல்லையா?"

திரையில், முதல் பெண் கடைசியாக வெளியே போனாள். போர்வையை விலக்கிக் குழந்தையைத் தூக்கினாள். கன்னம் இரண்டும் சிவந்த குழந்தை. அது அவளைப் பார்த்துச் சிரித்தது.

இந்த இடத்தில்தான் பெர்சிதா வீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டது. வெளியே விட்ட குழந்தை வேறு. உள்ளே தூக்கிக்கொண்டு வருவது வேறு. அது இவளுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

விளக்கு எரிந்தது. யாரும் எழவில்லை. திஹோமிர் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"ஒருத்தர் சிரிச்சாங்களா?" என்றாள் பெர்சிதா.

"இல்ல."

"நீ?"

"எனக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் கிடையாது பெர்சிதா." அவர் வெளிக்கூடத்துக்கு நடந்தார். சுவரொட்டியை எடுத்து நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார். "வியாழக்கிழமை உன்னோடது."

ஜனங்கள் இருவர் மூவராக வெளியே வந்தார்கள். ஸ்தானா கிழவி அவள் முன் நின்றாள்.

"இப்படி ஒரு படத்தை எடுத்தவன் மனுஷனா? இவன் நல்லா இருப்பானா?"

"நல்லாத்தான் இருப்பான் அத்தை. பயத்தை இவனை மாதிரி தெரிஞ்சவன் உலகத்துலயே கிடையாது." பெர்சிதா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பிணம் தேவையில்ல. கத்தி தேவையில்ல. ஒரு தாயும் ஒரு ஜன்னலும் போதும். இதைத்தான் பத்தொன்பது வருஷமாச் சொல்றேன். பயம்னா என்னன்னு இந்த ஊருல எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஸ்தானா கிழவி தலையாட்டினாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெரிட்சா வந்தாள். ஊர் மருத்துவமனையில் பிரசவப் பிரிவுச் செவிலி. ஓடி வந்ததில் மூச்சிரைத்தது. கையில் ஒரு பழுப்பு உறை.

"பெர்சிதாக்கா, நல்லவேளை, இங்கதான் இருக்கீங்க. அந்த பஸ்காரன் கவரை மாத்திக் குடுத்துட்டான்."

"எந்தக் கவரை?"

"உங்க பேய்ப்படத்தைக் காலையில எங்க கர்ப்பிணிங்களுக்குப் போட்டுட்டேன், எல்லாரும் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே பார்த்தாங்க, பாதிக்கு மேலதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு, எங்களோடதைக் குடுங்க, வடக்குப் பனிநாட்டுச் சுகாதாரத் துறை அன்பளிப்பா அனுப்பினது, 'உங்கள் குழந்தை நிம்மதியாகத் தூங்க எளிய வழிகள்'."